சாவியை வாங்குமுன் பலகையைப் பாருங்கள்

 

உல்லாசக் கப்பலில் பயணம் செல்வோரிடையே ஒரு வழக்கம் உண்டு. கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தை அடையும், மாலையில் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட நேரத்தில் சிலர் கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் பேருந்தில் ஊர் பார்ப்பர். வேறு சிலர் ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் சென்று திரும்புவர். முன்னவர் தாமதித்தால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். பின்னவருக்காகக் காத்திராது. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்கு இத்தகைய கப்பல் ஓடத் தொடங்கியபோது, இச்செய்தி நம்மவர் சிலருக்கும் தெரிய வந்தது.

சேலத்திற்குக் கடல் இல்லை. ஆயினும் சூரமங்கலத்திலுள்ள சேலம் ஜங்ஷன் அத்தகைய ஒரு துறைமுகமேயாகும். சென்னையில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் பின்னிரவில் சேலத்தில் இறங்கலாம். அன்றிரவே அதே பெயருள்ள ரயிலில் திரும்பலாம். இடையில் ஒரு முழுப்பகல் கையில் கிடைக்கிறது. விடுதிச் செலவு இல்லை. ஒரு நாள் விடுப்புப் போதும். பிள்ளைகளோடு இவ்வாறு வந்து போகும் குடும்பங்கள் இன்று பல.

சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்: "நாங்கள் ஆறு பேர். என் கணவர் நன்றாகக் கார் ஓட்டுவார். சேலத்தில் உறவினர் ஒருவர், தமக்குத் தெரிந்தவரின் காரை ஒரு நாள் வாடகைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். டாக்சியை விட மலிவு. வெள்ளைப் பலகை வண்டி என்பதால் எங்கும் நிறுத்த மாட்டார்கள் என்கிறார். எடுக்கலாமா? எங்கெங்கே போகலாம்?"

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது எளிது. முதல் கேள்விதான் கனமானது. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டு மோட்டார் வண்டிகளின் எண் பலகையே அவ்வண்டியின் தொழிலைச் சொல்லிவிடும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோகத்திற்கான வண்டி. 'ஓன் போர்டு' என்கிறோம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது டிரைவருடன் வாடகைக்கு ஓடும் 'டி போர்டு' வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்வதற்கென்று உரிமம் பெற்ற வண்டி. மின்சார வண்டிகளுக்குப் பச்சைப் பலகை உண்டு. அதிலும் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி. ஆகவே, டிரைவர் இன்றி நீங்களே ஓட்டிச் செல்ல வாடகைக்கு எடுக்கும் வண்டியில், அது மின்சார வண்டியாக இல்லாவிடில், கறுப்புப் பலகைதான் இருத்தல் வேண்டும்.

ஓன் போர்டு வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இன்றி ஓடினால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் 10,000 ரூபாய் அபராதம்; ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம். ஆனால் என் கவலை அபராதத்தைப் பற்றியதன்று. அதை வண்டிக்காரர் கட்டிவிட்டுப் போவார்.

கவலை இன்சூரன்ஸைப் பற்றியது. சொந்த உபயோகத்திற்கென எடுத்த பாலிசியில், 'வாடகைக்கோ கூலிக்கோ உபயோகித்தால் இது செல்லாது' என்னும் நிபந்தனை இருக்கும். பெர்மிட் இல்லாத வண்டி வாடகைக்கு ஓடியது தெரிந்தால், அதைக் காரணம் காட்டி வழக்காட இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. சாலையில் அடிபட்ட மூன்றாம் மனிதருக்கு முதலில் கம்பெனி பணம் கொடுக்கட்டும், பின்னர் வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டதுண்டு. ஆனால் வண்டிக்குள் இருந்தவர்களின் கதி? நொறுங்கிய வண்டிக்கு யார் பொறுப்பு? அந்த வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும்? பின் இருக்கையில் மனைவி, மக்களையும் வயதான தாயாரையும் ஏற்றிக்கொண்டு செல்கின்றவர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிச்சமாவது சில நூறு ரூபாய். அதற்கு எதிரே வைப்பது இவ்வளவு பெரியது.

இதைவிட என்னை உறுத்துகின்ற செய்தி ஒன்று உண்டு. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர், சாவியோடு சேர்த்து ஒரு வாக்கியத்தையும் கொடுப்பார்: "யாராவது நிறுத்திக் கேட்டால் மச்சான் வண்டி என்று சொல்லிவிடுங்கள், பாய்." வழியில் சோதனை செய்யும் போலீஸ்காரரிடம் அந்த வாக்கியத்தைத் தந்தை சொல்வார். பின்னாலிருக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பர். அவர்கள் நம் மதரஸாவில் உண்மை பேசுவதைப் பற்றி அன்றுதான் பாடம் படித்துவிட்டு வந்திருப்பர். விபத்து என்று ஒன்று நேர்ந்துவிட்டால், அதே பொய்யை இன்சூரன்ஸ் சர்வேயரிடமும் சொல்லவேண்டி வரும்; பின்னர் எழுதிக் கையெழுத்திடவும் வேண்டி வரும். 'நம் ஆள் வண்டி' என்னும் நெருக்கம் இங்கே உதவி செய்வதில்லை. பொய்யை எளிதாக்கவே செய்கிறது.

ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இதிலே புதுமை ஏதுமில்லை. ஒரு பொருளை இன்னொருவர் பயன்படுத்தக் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. பிரதிபலன் எதுவுமின்றிக் கொடுத்தால் அது ஆரிய்யத், அதாவது இரவல். கூலி பேசிக் கொடுத்தால் அது இஜாரா, அதாவது வாடகை. இரண்டின் சட்டங்களும் வெவ்வேறு. வியப்பு என்னவெனில், மோட்டார் வாகனச் சட்டமும் அதே கோட்டைத்தான் கிழிக்கிறது. உங்கள் மச்சான் உண்மையாகவே தம் காரை இரவலாகக் கொடுத்தால், தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். பெட்ரோல் போட்டு, கழுவித் துடைத்து, ஒரு பொட்டலம் அல்வாவோடு திருப்பிக் கொடுங்கள். அது வாடகை ஆகாது. ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தொகை பேசிவிட்டால் அது இஜாரா. அதற்கு இரவல் என்று பெயர் சூட்டுவதால் அது இரவலாகிவிடாது.

வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, சேமிப்பில் ஒரு கார் வாங்கி, அது வீட்டில் சும்மா நிற்கிறதே என்று வாடகைக்கு விடுவோர் நம் ஊர்களில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் சட்டம் சிறியவருக்கு இடம் வைக்கவில்லை. டிரைவர் இல்லாமல் கார் வாடகைக்கு விடும் தொழிலுக்கென 1989-இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தின்படி, உரிமம் வேண்டுவோர் 50 கார்களுக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும். ஒரு கார் வைத்திருப்பவர் 50 காருக்கு எங்கே போவார்? பெரிய கம்பெனிகளுக்கு வசதியாக வைத்த அளவு இது என்பது என் எண்ணம். ஆயினும் உங்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் பதிவை மாற்றி, பெர்மிட் வாங்கி, மஞ்சள் பலகை மாட்டி, டிரைவருடன் ஓட்டலாம். வரியும் இன்சூரன்ஸும் கூடும், உண்மைதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வெள்ளைப் பலகை வண்டியில் கடத்தல் சரக்கு ஏற்றிப் பிடிபட்டால், போலீசார் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவையே.

நிற்க. வாசகிக்கு என் யோசனை இதுதான். கறுப்புப் பலகை வண்டிகள் சென்னை, பெங்களூர், கோவை போன்ற நகரங்களில் எளிதில் கிடைக்கும். சேலம் போன்ற ஊரில் முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிடில் மஞ்சள் பலகை டாக்சியை டிரைவருடன் அமர்த்திக்கொள்ளுங்கள். டாக்சி பேசும்போது கிலோமீட்டர் கணக்கு வண்டி உங்களிடம் வரும் இடத்திலிருந்தா, அல்லது ஷெட்டிலிருந்து ஷெட் வரையா என்று கேளுங்கள். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மலை ஏறினால் கூடுதல் தொகை ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். கூலி இன்னதென்று முன்பே தெரிந்திருப்பது இஜாராவின் நிபந்தனை. மாலையில் நடுத்தெருவில் வாக்குவாதம் செய்வதைத் தவிர்க்கும் வழியும் அதுவே. டிரைவரையும் உங்களோடு உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள்.

கறுப்புப் பலகை வண்டி கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். வண்டி எண்ணை 'எம்பரிவாஹன்' செயலியில் போட்டுப் பார்த்தால், பதிவு எந்த வகை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பன தெரிந்துவிடும். வண்டியை எடுக்குமுன் சுற்றி வந்து, கீறல், நசுங்கல், டயர், கிலோமீட்டர் மீட்டர், எரிபொருள் முள் அனைத்தையும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரரும் உடனிருக்கட்டும். வாடகைக்கு எடுத்த பொருள் எடுத்தவர் கையில் அமானத் ஆகும். வரம்பு மீறாமலும் அலட்சியம் செய்யாமலும் இருக்கையில் நேர்ந்த சேதத்திற்கு அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது ஃபிக்ஹு சட்டம். ஆனால் கம்பெனிகளின் ஒப்பந்தத்தாளில் வேறு விதமாக எழுதியிருக்கும். சிறிய சேதத்திற்கு இத்தனை ரூபாய் வரை நீங்களே பொறுப்பு என்றிருக்கும். படித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள். ஈட்டுக்காக அசல் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

லைசென்ஸைப் பற்றி ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு. வாடகை வண்டியாயிற்றே, பேட்ஜ் வேண்டுமோ என்பர். இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினர் ஓட்டுவதாயின், அவர் தம் நாட்டு லைசென்ஸோடு, அங்கேயே வாங்கிய சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டையும் கையில் வைத்திருத்தல் வேண்டும். இங்கே வந்து இறங்கியபின் வாங்க இயலாது.

இனி, எங்கே போவது? முதலில் எப்போது போகக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரயில் பின்னிரவில் வந்து சேர்கிறது. வண்டியை அப்போதே எடுத்துவிட்டால் ஒரு மணி நேரம் லாபம் என்று தோன்றும். வேண்டாம். 2023 செப்டம்பர் 6 அன்று அதிகாலை, சங்ககிரி அருகே சேலம் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் ஓர் ஆம்னி வேன் மோதி ஆறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு பச்சிளம் குழந்தையும் உண்டு. அது வாடகை வண்டியா, சொந்த வண்டியா என்பதன்று இங்கே விஷயம்; அந்த நேரமும் அந்தச் சாலையுமே விஷயம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு மூன்றும் லாரித் தொழிலின் தாய்வீடுகள். பாடி கட்டும் பட்டறைகளும், கேஸ் டேங்கர்களும், இந்தியா முழுவதும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. நான்கு வழிச்சாலை ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரி, இருட்டில் அருகே செல்லும் வரை தெரியாது. இரவெல்லாம் ரயிலில் அரைத்தூக்கம் தூங்கியவரின் கண்ணுக்கு அறவே தெரியாது. ஆகையால் ஜங்ஷன் தங்கும் அறையில் இளைப்பாறுங்கள், ஃபஜ்ரு தொழுங்கள், சிற்றுண்டி முடித்து, நன்றாக வெளுத்தபின் புறப்படுங்கள்.

பெரும்பாலோர் ஏற்காட்டையே கேட்பர். 30 கிலோமீட்டர்தான், 20 கொண்டை ஊசி வளைவுகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடி வைத்த மலை அது. நிதானமாக ஓட்டுபவருக்கு அதில் கஷ்டமில்லை. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பதையும், இறங்கும்போது கியரிலேயே இறங்க வேண்டும் என்பதையும் மறவாதிருந்தால் போதும். கொல்லிமலைக்கு 70 வளைவுகள். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர், புதிய வண்டியில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இரவு ரயிலையும் நினைத்துக்கொண்டு அங்கே போகலாகாது. பேருந்து போகிறது; அல்லது உள்ளூர் டிரைவரை அழைத்துச் செல்லுங்கள்.

என்னைக் கேட்டால் மலையை விட்டுச் சமவெளியைச் சுற்றச் சொல்வேன். சேலத்திலிருந்து கொச்சி நெடுஞ்சாலையில் சங்ககிரி. அங்கிருந்து திருச்செங்கோடு வழியாக நாமக்கல். பின்னர் பெங்களூர் நெடுஞ்சாலையில் சேலம். சுமார் 150 கிலோமீட்டருக்குள் அடங்கும் வட்டம். வாடகை வண்டியின் கிலோமீட்டர் வரம்புக்குள்ளும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சங்ககிரியில் மலைமேல் அடுக்கடுக்காகக் கோட்டை மதில்கள் ஏறிச் செல்வதைக் கீழிருந்தே காணலாம். மைசூர் ஆட்சியின் கீழிருந்த இப்பகுதி, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கையை விட்டு ஆங்கிலேயருக்குப் போயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1805-இல், தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் தூக்கிலிட்டதும் இங்கேதான். வழிகாட்டி இல்லாத பயணத்தில் வழிகாட்டி நீங்களே. இதைப் பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்லுங்கள். வெயிலேறுமுன் கீழ் வாயில்கள் வரை போய் வந்தால் போதும். உச்சி வரை ஏற அரைநாள் வேண்டும். தண்ணீரும் நாமே சுமந்து செல்ல வேண்டும்.

நாமக்கல்லுக்கு முற்பகலில் போய்ச் சேரலாம். ஊரின் நடுவே, ஒரே பாறையாக ஏறக்குறைய 65 மீட்டர் உயரத்திற்கு நிற்கிறது குன்று, உச்சியில் கோட்டை. பாறையிலேயே செதுக்கிய படிகள். மழை நாளில் வழுக்கும். புர்கா அணிந்த பெண்கள் விளிம்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுதல் நலம். லுஹரையும் பகலுணவையும் நாமக்கல்லிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சேலத்திற்குத் திரும்பும் வழியில் இராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்குத் தோட்டங்களையும், பருவ காலமானால் களத்தில் வெள்ளை வெளேரென்று காயும் ஜவ்வரிசியையும் காணலாம். நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாயசத்து ஜவ்வரிசி கிழங்கிலிருந்து வருகிறது என்பது தெரியாது. எத்தனை பெரியவர்களுக்குத் தெரியுமோ!

தொழுகையைப் பற்றியும் கேட்பீர்கள். சென்னைவாசிகளுக்குச் சேலம் பயணமே, கஸர் உண்டு. சேலத்திலேயே குடியிருந்துகொண்டு நாமக்கல் வரை போய் வருபவருக்கு இல்லை. ஹனஃபி ஆலிம்கள் நம் நாட்டில் கணக்கிடும் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர், அந்த ஊர் தூரத்தில் வராது.

கடைசியாக நேரக் கணக்கு. இதைக் காலையிலிருந்து போடாதீர்கள். இரவு ரயிலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ரயில் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நீங்கள் பிளாட்பாரத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு வண்டியை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் பெட்ரோல் பழைய முள் வரை நிரப்ப வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் சேலம் நகருக்குள் கொண்டலாம்பட்டியிலிருந்து சூரமங்கலம் வருவதற்கு ஆகும் நேரத்தை ஊர்க்காரரிடம் கேட்டு அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கணக்கிட்டால் நாமக்கல்லை விட்டுப் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் கிளம்பவேண்டும் என்று வரும். வெளிச்சம் இருக்கும்போதே அந்த லாரிச் சாலையைக் கடந்துவிடலாம் என்பது இதிலுள்ள இன்னொரு லாபம்.

ஒப்படைக்கும்போது காலையில் எடுத்த அதே கோணங்களில் மறுபடியும் படம் எடுங்கள். டோல் பணம் ஃபாஸ்டாக் கணக்கிலிருந்து கழிவதால், சில நேரம் அதன் கணக்கு மறுநாள்தான் வரும். அட்வான்ஸில் அதற்கென எவ்வளவு நிறுத்தி வைக்கிறார்கள், மீதி எந்த நாளில் எந்தக் கணக்கில் வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்திற்குச் செல்லுங்கள்.